செலுத்தியவர் பெயர்

அந்த வாடையா? வாய்க்காலிலிருந்து வருகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பழகிவிடும். செருப்போடு வாருங்கள், இன்னும் கூட்டவில்லை. இது கூடம். அது படுக்கையறை, அதற்குப் பின்னால் அடுக்களை. கொல்லையில் கிணறு இருக்கிறது, தண்ணீர் கொஞ்சம் உப்பு. நகராட்சிக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை நாலு நாளைக்கு ஒரு தடவை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரிடம் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையா?

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்.

ஏன் காலி செய்கிறேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். வீடு என்னுடையது இல்லை. என் தங்கை உலகம்மாளுடையது, உலகு என்று கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், ஐம்பத்தாறு வருடம். அப்பாவுக்கு ஒன்பது வருடம் உடம்பு முடியாமல் இருந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் ஆட்டோ பிடித்து ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போய் வீட்டைத் தங்கை பேருக்கு எழுதி வைத்துவிட்டு வந்தார். சாயந்திரம் நான்தான் அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒனக்கு வேல இருக்குடே. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

சரிதான். நான் உதவி பெறும் பள்ளியில் ஆய்வக உதவியாளர். உலகுக்குத் தையல் மிஷின் மட்டும்தான். புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரு பெண் குழந்தை. அப்பா செய்ததில் தப்பு இருக்கிறதா என்று நான் பல கோணத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பு இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அப்பா காரியம் முடிந்து பதினாறாம் நாள் உலகு என்னிடம் சொன்னாள். "அண்ணே, நீயும் மதினியும் எங்கயும் போக வேண்டாம். இங்கனயே இருங்க. வாடகையெல்லாம் ஒண்ணும் தர வேண்டாம். வீட்டு வரிய மட்டும் நீ பாத்துக்க."

சரி என்றேன். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறாள். அது அவளுக்குச் சௌகரியம், தைக்கக் கொடுப்பவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் கேட்டதில்லை.

முதல் அரையாண்டுக்கு நகராட்சியிலிருந்து வரி கேட்புச் சீட்டு வந்தது. 'வரிதாரர்: தி. உலகம்மாள்.' கதவு எண் எங்கள் கதவு எண். தொகை ஆயிரத்து நானூற்று இருபது. நான் அன்றைக்கே வங்கியில் பணம் எடுத்தேன். சீட்டையும் பணத்தையும் ஒரு உறையில் போட்டேன். மறுநாள் கட்டலாம் என்று அலமாரியில் வைத்தேன்.

அங்கேயே இருந்தது.

அடுத்த அரையாண்டுக்கு இன்னொரு சீட்டு, இன்னொரு உறை. நான் ஏமாற்றுகிறவன் இல்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு அரையாண்டுகூடத் தவறாமல் பணம் எடுத்து வைத்தேன். உறையின் மேல் தேதி எழுதினேன். கொண்டுபோய்க் கட்டுவதுதான் முடியவில்லை. நகராட்சி ஆபீஸ் வாசல் வரை இரண்டு தடவை போயிருக்கிறேன். ரசீது அவள் பேரில் வரும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லைதான். நானும் என்னிடம் அதைத்தான் சொன்னேன்.

வரி வசூலிக்க ஞானதுரை என்று ஒருவர் வருவார். நல்ல மனுஷர். மொபெட்டை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு மோர் வாங்கிக் குடிப்பார். நாலாவது வருடம் கேட்டார்:

"சார், கஷ்டமா?"

"கஷ்டம் இல்ல."

"பின்ன என்ன சார்? தகராறா? கேஸு கீஸு இருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

நான் எழுந்து போய் உறைகளை எடுத்து வந்து காட்டினேன். எட்டு உறை. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மோரைக் கீழே வைத்துவிட்டார்.

"இருவது வருஷ சர்வீஸ் சார். பணம் இல்லாதவனப் பாத்திருக்கேன், பணம் இருந்தும் இல்லைங்கவனப் பாத்திருக்கேன். எடுத்து எண்ணி வச்சுக்கிட்டுப் பாக்கி வைக்கவர இப்பதான் பாக்கேன். குடுங்க சார், நானே கட்டி ரசீது கொண்டாந்து தாரேன்."

நான் உறைகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மோரும் குடிப்பதில்லை.

அப்புறம் நோட்டீஸ். சிவப்பு நோட்டீஸ். அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வாசலில் பச்சை நிறத்தில் பெரிய குப்பைத் தொட்டி. இரும்புச் சக்கரம் வைத்தது. எங்கள் நகராட்சியில் அது ஒரு முறை. ரொம்ப நாள் வரி கட்டாதவர் வீட்டு வாசலில் தொட்டியைக் கொண்டு வந்து நிறுத்திவிடுவார்கள். கட்டினால் எடுத்துப் போவார்கள். வெட்கத்தில் கட்டிவிடுவான் என்று கணக்கு. வரி பாக்கி என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் கிழித்துவிட்டேன். தொட்டியை என்ன செய்ய முடியும்?

என் மனைவி அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போனவள், அங்கேயே இருக்கிறாள். பேரக் குழந்தைக்கு இப்போது நாலு வயது. மனைவிக்கு இந்த வீட்டில் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி வந்த மூன்றாம் நாள் உலகு ஓடி வந்தாள். கழுத்தில் இஞ்சு டேப் தொங்குகிறது, தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கிறாள். விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தவள் தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டுல்லாண்ணே! பாத்தியா? எத்தன மனு! கமிஷனருக்கு நாலு, கலெக்டருக்கு ரெண்டு. குடுக்க மாட்டேன்னானுவ. குடுத்துட்டானுவ பாத்தியா?"

நான் சொல்ல மறந்துவிட்டேன். இந்தத் தெருக்காரர்கள் குப்பையை வாய்க்காலில்தான் கொட்டுவார்கள். வாய்க்கால் திரும்பும் இடத்தில் அங்கன்வாடி இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே நாலு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது, அதில் ஒன்று இவள் மகளின் சிநேகிதியுடைய தம்பி. அன்றிலிருந்து உலகு தொட்டி வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருந்தாள். நான்தான் எழுத்துப் பிழை திருத்திக் கொடுப்பேன்.

"நம்ம வீட்டு வாசல்லயே வச்சிருக்கான் பாருண்ணே. மனுவுல இந்தக் கதவு நம்பரப் போட்டேன்லா, அதான்."

நான் என்ன சொல்ல வேண்டும்? அவள் முகம் அப்படி இருந்தது. "வசதியாத்தான் இருக்கு" என்றேன். பொய் இல்லை. வசதியாகத்தான் இருந்தது.

தெருவில் எல்லோருக்கும் உண்மை தெரியும். தாள் ஒட்டியதைப் பார்த்தவர்கள்தானே. யாரும் அவளிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு மின்வாரிய பரமசிவன் ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். எனக்குப் புத்தி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "சார், அவசரப்பட்டு வரியக் கட்டிராதீங்க. தொட்டியத் தூக்கிட்டுப் போயிருவானுவ" என்றார்.

ஒன்றரை வருடம் வாய்க்கால் சுத்தமாக இருந்தது. நீங்கள் அப்போது வந்திருக்க வேண்டும், வாடையே கிடையாது. கொசு குறைந்தது. அங்கன்வாடி ஆயா உலகுவைக் கண்டால் எழுந்து நிற்பாள். தேர்தல் அறிவித்ததும் தெருக்காரர்களே அவள் வீட்டுக்குப் போய், வார்டு கவுன்சிலருக்கு நில்லு என்றார்கள். சுயேச்சையாக. எதிரே சிமெண்ட் கடை தங்கப்பழம், இரண்டு தடவை இருந்தவர். இந்தத் தடவை அவர் ஜெயிக்க மாட்டார் என்று அவர் கடைப் பையனே சொன்னான்.

உலகு கம்மலை அடகு வைத்துத்தான் டெபாசிட்டுக்கும் நோட்டீஸுக்கும் பணம் புரட்டினாள். நோட்டீஸில் முதல் வரி: 'நம் தெருவுக்குக் குப்பைத் தொட்டி பெற்றுத் தந்தவர்.' பிழை திருத்த என்னிடம் கொண்டு வந்தாள். பிழை எதுவும் இல்லை. ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேட்புமனுவில் நான்தான் முன்மொழிந்தேன். கையெழுத்துப் போடும் முன் அவள் கேட்டாள். "அண்ணே, நகராட்சிக்குப் பாக்கி எதுவும் இல்லன்னு எழுதிக் குடுக்கணுமாம். வீட்டு வரி கட்டியாச்சுல்லா?"

"நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அவள் எழுதிக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அல்லது அன்று மதியமே போய்க் கட்டியிருக்கலாம். இந்த இரண்டையும் நான் நிறைய யோசித்துவிட்டேன், நீங்கள் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

மறுநாள் பரிசீலனை. நகராட்சி மாடியில். நான் கிளம்பும்போது பன்னிரண்டு உறைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால், ஏதோ ஒரு நல்ல புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நல்ல புத்தி என்னிடம் இருந்திருக்கிறது. அது முக்கியம் இல்லையா?

எங்கள் வார்டு வரும்போது மணி பதினொன்று. தங்கப்பழத்தின் வக்கீல் எழுந்தார். கையில் பாக்கிதாரர் பட்டியல். "மேடம், இந்த வேட்பாளர் பன்னிரண்டு அரையாண்டு சொத்து வரி கட்டல. இவங்க நோட்டீஸ்ல பெற்றுத் தந்ததாப் போட்டிருக்க குப்பைத் தொட்டி, நகராட்சி இவங்க வரி பாக்கிக்காக இவங்க வீட்டு வாசல்ல வச்சது" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். தேர்தல் அலுவலர் அம்மா சிரிக்கவில்லை, பேனாவை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டார். தங்கப்பழம்கூடச் சிரிக்கவில்லை. அவர் என் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம் என்பது போல.

உலகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. 'இல்லன்னு சொல்லுண்ணே' என்கிற பார்வை.

அலுவலர் அம்மா நல்லவர். "பன்னிரண்டு மணிக்குள்ள முழுசாக் கட்டி ரசீது கொண்டு வந்தா ஏத்துக்கிறேன். கவுண்டர் கீழதான் இருக்கு. ஒரு மணி நேரம் இருக்கு" என்றார்.

உலகு என் காதருகில் வந்தாள். "அம்புட்டுப் பணத்துக்கு இப்ப எங்கண்ணே போவேன்?"

"பணம் இருக்கு" என்றேன். பையைக் காட்டினேன்.

அவள் பையைப் பார்த்தாள், உறைகளைப் பார்த்தாள், மேலே எழுதியிருந்த தேதிகளைப் பார்த்தாள். "ஓடுண்ணே" என்றாள். அவள் அங்கேயே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வந்திருப்பாள்.

நான் ஓடினேன். பதினொன்று பத்துக்கு வரி கவுண்டரில் நின்றேன். பர்வீன் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. கதவு எண்ணைச் சொன்னேன். அபராதம் சேர்த்து இருபதாயிரத்துச் சொச்சம் சொன்னது. உறையில் இருந்ததற்கு மேல் என் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ரசீது தி. உலகம்மாள் பேர்ல வரும் சார். போடட்டா?"

அப்போது நான் ஒன்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். "செலுத்தியவர் பெயர்னு எங்கயாவது வருமாம்மா?"

"வராது சார். வரிதாரர் பேரு மட்டுந்தான்."

"கட்டுறது நான்."

"யாரு கட்டுனாலும் அப்படித்தான் சார்."

"கையால எழுதி சீல் வச்சுத் தர முடியுமா? 'சங்கரலிங்கம் மூலம்' அப்படின்னு. ஒரு வரிதான்."

"எனக்கு அதிகாரம் இல்ல சார். வருவாய் அலுவலர்ட்ட எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிட்டு வாங்க. வாங்கித்தான் ஆகணுமா சார்?"

அந்தப் பெண் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வாங்கித்தான் ஆகணுமா என்றால் என்ன அர்த்தம்? ஆறு வருடம் ஒருவன் எடுத்து எடுத்து வைத்த பணம். நான் அந்தப் பணத்தைத் திரும்ப எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, கேண்டீன் பக்கத்தில் வெள்ளைத்தாள் வாங்கி மனு எழுதினேன். நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நேரம் இருந்தது. முதல் தாளில் ஒரு அடித்தல் விழுந்துவிட்டது, இரண்டாவது தாளில் எழுதினேன். வருவாய் அலுவலர் அறையில் இல்லை. தேர்தல் வேலையாக மாடியில் இருக்கிறார் என்றார்கள். மாடிக்குப் போனால் உலகு பார்ப்பாள். அதனால் அவர் அறை வாசலில் காத்திருந்தேன். போனை ஒலி வராமல் வைத்திருந்தேன், அரசு அலுவலகம் பாருங்கள். அப்புறம் பார்த்தேன், ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

பியூன் ஒருவர் வந்து மனுவை வாங்கிப் பார்த்தார். "இதுக்கெல்லாமா சார் மனு குடுப்பாங்க?" என்றார். அவரும் அப்படித்தான் கேட்டார். அப்போது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. நான் கவுண்டருக்குத் திரும்பினேன். பர்வீன் டிபன் கேரியரைத் திறந்திருந்தது, கையைக் கழுவிவிட்டு வந்தது. நோட்டுகளை மிஷினில் போட்டு எண்ணியது. ஒரு ஐநூறு கிழிந்திருந்தது, மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் பிரிண்டரில் தாள் சிக்கியது. நகராட்சி பிரிண்டரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். ஒரு பொறுப்பான அலுவலகத்தில், தேர்தல் நேரத்தில், இப்படி ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறார்கள். நான் அதைக் குறித்துத் தனியாக ஒரு புகார் எழுதியிருக்கிறேன்.

ரசீதில் நேரமும் அச்சாகும், தெரியுமா? பன்னிரண்டு ஏழு.

மாடிப்படியில் ஏறும்போதே ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். உலகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரசீதைக் கொடுத்தேன். நேரத்தைப் பார்த்தாள்.

"அந்தம்மா அஞ்சு நிமிஷம் கூடப் பாத்தாங்கண்ணே. தங்கப்பழமே பாக்கலாம்னுதான் சொன்னாரு. வக்கீல்தான் முடியாதுன்னுட்டாரு. மனுவத் தள்ளிட்டாங்க."

"பிரிண்டர் கோளாறு" என்றேன்.

தலையை ஆட்டினாள். ரசீதை நாலாக மடித்தாள். அப்புறம் நிதானமாகக் கேட்டாள்.

"கீழ வரிசையில ஒனக்கு முன்னால எத்தன பேருண்ணே நின்னாங்க?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை.

"யாரும் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். கீழே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். தான் குடிக்கவில்லை. வரி கட்டிய இரண்டாம் நாள் நகராட்சி வண்டி வந்து தொட்டியைத் தூக்கிப் போனது. பரமசிவன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தங்கப்பழம் ஜெயித்தார். வாடைக்குக் காரணம் இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கன்வாடியை வேறு தெருவுக்கு மாற்றப் போவதாகச் சொல்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்து உலகு போன் செய்தாள். கோபமே இல்லை. "அண்ணே, வீட்ட வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். கம்மல மீட்கணும், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். நீ இருக்கதா இருந்தாலும் சரி, வெளிய குடுக்குற வாடகையையே குடு. ரசீது ஒன் பேர்லயே எழுதித் தாரேன்."

கடைசியாகச் சொன்னதை அவள் குத்திச் சொன்னாளா, நல்ல மனதோடு சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தினமும் யோசிக்கிறேன். வேண்டாம், காலி செய்கிறேன் என்றேன். "அப்பம் ஆள் வந்தா நீயே காட்டிரு. எனக்குத் தையல விட்டுட்டு வர முடியல" என்றாள். பாருங்கள், இவ்வளவுக்கும் பிறகு என்னைத்தான் நம்புகிறாள். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவனா என்றும் யோசிக்கிறேன். அதனால்தான் வருகிறவர்களிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். கிணற்றைப் பற்றி, குழாயைப் பற்றி, வாய்க்காலைப் பற்றி, எங்கள் வீட்டு விஷயத்தைக்கூட. அவள் பேர் கெடக் கூடாது பாருங்கள்.

அது ஆயிற்று ஆறு மாதம். ஆள் கிடைத்தால் அன்றைக்கே கிளம்ப நான் தயார், பெட்டியெல்லாம் கட்டித்தான் வைத்திருக்கிறேன். உங்களோடு ஒன்பது பேர் வந்து பார்த்துவிட்டார்கள். எல்லோரும் இப்படித்தான், கடைசிவரை பொறுமையாகக் கேட்பார்கள், வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்பார்கள். அப்புறம் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. ஏன் என்று புரியவில்லை. வாடகை ஒன்றும் அதிகம் இல்லை.

எழுந்துவிட்டீர்கள். சரி, வீட்டில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். அவசரமே இல்லை.

தங்கச்சி நம்பரா? அது எதற்கு உங்களுக்கு? அவள் வேலை நேரத்தில் எடுக்க மாட்டாள். உங்கள் நம்பரை இந்தத் தாளில் எழுதிவிட்டுப் போங்கள், போதும். நான் சொல்லிவிடுகிறேன்.